ஆறு லட்சத்துக்கு ஒரு ஹெரால்டு: நடிகரின் கார் என்கிறார்கள், நம்பலாமா?

#1 அல்சூர் ஏரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவு வண்டி. வெளிர் நீலப் பெயின்ட் புத்தம் புதிது, கண்ணைப் பறிக்கிறது. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னைப் பதிவெண் அப்படியே இருக்கிறது. ஆனால் வண்டி இந்த ஊருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம்.

விற்பவர் சார்பில் பேசும் தரகர் ஆறு லட்சம் கேட்கிறார். அதில் வண்டிக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு என்பதுதான் புரியவில்லை. கதை இதுதான்: முதலில் வாங்கியவர் அந்தக் காலத்து நடிகர் ஒருவர். பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் எழுந்து நிற்பீர்கள். அவரிடமிருந்து நேராக ஒரு குடும்பத்துக்கு வந்ததாம், அதன்பின் வெளியே போகவே இல்லையாம்.

அரசு இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவே இல்லை என்று வருகிறது. முந்தைய உரிமையாளர்களை எப்படித் தேடுவது? ஆறு லட்சம் நியாயமா?

ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். அவருடைய மேலதிகாரியிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறக்குமே, அதை வீட்டில் நூறு முறை நடித்தே காட்டியிருக்கிறார். ஆகவே இந்தக் கார் விஷயத்தில் என் புத்தியை நம்ப முடியாது. உங்கள் புத்தியைக் கடன் கேட்கிறேன்.

#2 பழைய பதிவேடு

இணையத்தில் இல்லை என்பதற்காகக் கலங்க வேண்டாம், தம்பி. காகிதப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றப்படாத வண்டிகள் ஏராளம். அவற்றை அலுவலகத்தில் பின்னேற்றமாகப் பதிய வேண்டும். அதற்கு மூலப் பதிவேட்டில் பக்கம் இருந்தாக வேண்டும். ஏற்றிய வண்டியாக இருந்தாலும் பொதுத் தேடலில் பெயரை மறைத்துத்தான் காட்டுகிறார்கள். ஆகவே முழு வரலாறு வேண்டுமென்றால் பதிவேட்டுப் படியை, அதாவது மூலப் பதிவேட்டின் பிரதியை, வாங்க வேண்டும். கர்நாடகத்தில் இதை 'பி எக்ஸ்ட்ராக்ட்' என்பார்கள். உங்கள் வண்டிக்கு அது தமிழ்நாட்டில்தான் கிடைக்கும், ஆர்.சி. புத்தகத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறதோ அங்கே.

அதற்கு முன் புத்தகத்தையே நிதானமாகப் படியுங்கள். தலைப்பில் சென்னை மாநிலம் என்று அச்சிட்டிருக்கிறதா, தமிழ்நாடு என்றா? பெயர் மாறியது 1969 ஜனவரி 14 அன்று. 1966இல் கொடுத்த புத்தகத்தில் தமிழ்நாடு என்று இருக்க வழியில்லை. முகவரிகளில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வந்தது 1972 ஆகஸ்ட் 15இல்.

இன்னொன்று. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். முப்பது ஆண்டாக எம்.எஸ். எண்ணோடு பெங்களூரில் நிற்கிறது என்றால் அதுவே ஒரு கேள்வி. பதிவு எதுவரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது? 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்திருக்க வேண்டும்.

#3 குஜரி வாசல்

பதிவேடு ஐயா காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் இரும்பைச் சொல்கிறேன். சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், எங்கள் கடை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது.

ஹெரால்டை மற்ற கார்களைப் போல நினைக்காதீர்கள். தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டு ஹெரால்டைப் பிரித்து ஒரு ஹெரால்டு செய்வது கடினமான வேலையே இல்லை. நானே செய்திருக்கிறேன். அதனால் இந்த வண்டியில் அசல் என்று சொல்லும்போது எது அசல் என்று கேட்க வேண்டும்.

பானெட்டைத் தூக்கிப் பின்சுவரில் இருக்கும் சேஸிஸ் எண் தகட்டைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் நான்கும் ஒரே வயதா? எஞ்சின் எண் பிளாக்கின் இடப்பக்கம் குத்தியிருக்கும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இந்திய ஹெரால்டுக்கு 948 சிசி எஞ்சின். அதே எஞ்சின் ஸ்டாண்டர்டு டென் காரிலும் வந்தது. டென்னிலிருந்து கழற்றி ஹெரால்டில் வைத்தால் ஓடும், சத்தமும் அதேதான், எண் மட்டும் காட்டிக்கொடுக்கும். புது பெயின்ட் என்றால் எனக்குக் கை அரிக்கும். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான்.

#4 மாட்டுங்கா பத்மினி

மும்பையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றபோது இங்கே அதைத் துக்க வீடு போல அனுசரித்தார்கள். மறுவாரமே கொட்டகையில் கோழி அடையும் பத்மினிக்குக் கூட விலை ஏறிவிட்டது. ஏறியது கேட்கும் விலை. அந்த விலைக்கு வாங்கியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. விளம்பரங்களைக் கூட்டி வகுத்துச் சந்தை விலை கண்டுபிடிக்காதீர்கள்.

நடிகர் கதையைப் பற்றி. பெரிய மனிதர் வைத்திருந்த காருக்குக் கூடுதல் விலை உண்டு என்பது உண்மை. தில்லியில் லால் பகதூர் சாஸ்திரியின் 1964 பியட் இருக்கிறது. 12,000 ரூபாய் காருக்கு வங்கியில் 5,000 கடன் வாங்கினார், அவர் இறந்தபின் மனைவி ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அந்தக் காருக்குக் கடன் காகிதம் இருக்கிறது, எண் இருக்கிறது, படம் இருக்கிறது. உங்கள் நடிகர் காருக்கு என்ன இருக்கிறது? தரகரின் வாய் இருக்கிறது.

ஆனாலும் ஆர்.சி.யில் நடிகரின் பெயர் இல்லை என்பதாலேயே கதை பொய் என்று முடிவு கட்டவும் முடியாது. பலர் கார்களைக் கம்பெனி பெயரிலோ உறவினர் பெயரிலோ வைத்திருந்தார்கள். எண் பலகை தெரியும் ஒரு படம், ஒரு சர்வீஸ் ரசீது, ஏதாவது ஒன்று வேண்டும். காட்டினால் கூடுதலாகக் கொடுங்கள். காட்டாவிட்டால் கதையைக் கேட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

#5 சந்தேகசாமி

பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆறு லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்த்து வாங்க வேண்டுமா?

#6 அல்சூர் ஏரிக்கரை

சந்தேகசாமி அவர்களே, உங்கள் பெயருக்கே நீங்கள் துரோகம் செய்கிறீர்கள்.

நேற்று மூன்று மணி நேரம் கொட்டகையில் இருந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் தலைப்பு தமிழ்நாடு அரசு. மேல் மூலையில் வெளிறிப்போன ஊதா முத்திரை. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது 'நகல்' என்று படிக்க முடிந்தது. உள்ளே இரண்டு பதிவுகள். முதலாவது 1966, சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு வணிக நிறுவனம். இரண்டாவது 1969, வட ஆற்காடு மாவட்டம் குடியாத்தத்தில் ஒரு தனிநபர், பின்கோடு உட்பட. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை. இப்போது விற்பவர் குடியாத்தத்துக்காரரின் உறவினர் இல்லை. அவருடைய பெயர் புத்தகத்திலேயே இல்லை. பதிவு கடைசியாக 2006 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

தகட்டில் மூன்று ரிவெட் பழையது, ஒன்று அலுமினியம். எஞ்சின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் புத்தகத்தோடு பொருந்தவில்லை. எழுத்தர் பிழையாக இருக்கும் என்கிறார் தரகர். பயணிகள் பக்கத்து டேஷ்போர்டு அறைக்கு மூடி இல்லை. அதன் உட்சுவரில் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கி எட்டாத இடத்தில் கையகலத்துக்குப் பழைய நிறம் தெரிகிறது. நீலம் இல்லை. தேங்காய்ப்பால் போன்ற வெள்ளை.

மவுண்ட் ரோடு நிறுவனம் நடிகருடையது என்று அடித்துச் சொல்கிறார் தரகர்.

#7 பழைய பதிவேடு

நகல் என்றால் மோசடி என்று பொருள் இல்லை. மூலப் புத்தகம் தொலைந்திருக்கும், பதிவேட்டைப் பார்த்து எழுத்தர் ஒரே மூச்சில் எழுதிக்கொடுத்திருப்பார். 1969 பதிவில் பின்கோடு வந்தது அப்படித்தான். 1972க்குப் பிறகு எழுதிய நகல், அவ்வளவே. பார்க்கப்போனால் போலிப் புத்தகம் செய்கிறவன் இந்தத் தவறுகளைச் செய்ய மாட்டான்.

எனக்குக் கவலை வேறு. குடியாத்தத்துக்காரர் இன்றும் சட்டப்படி உரிமையாளர். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் படிவம் 31 மூலம் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு விற்பனைக்குப் படிவம் 29, 30. மாநிலம் தாண்ட படிவம் 28இல் தடையில்லாச் சான்று. இடையில் எத்தனை பேர் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கைமாற்றினார்கள் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. ஒரே குடும்பம் என்று தரகர் சொல்வது அந்த வெள்ளைத் தாள்களை மறைக்கத்தான். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். திருட்டு வண்டிகளைச் சரிபார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' பக்கத்தில் சேஸிஸ் எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று இலக்கம் எழுத்தர் பிழையா என்பதும் பதிவேட்டுப் படியில் தெரிந்துவிடும்.

#8 கோலார் பேத்தி

இந்த இழையை என் தம்பி அனுப்பினான். குடியாத்தம், வெள்ளை ஹெரால்டு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃபில் சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். கம்பவுண்டர் சம்பளத்தில் கார் எப்படி என்று கேட்பீர்கள். அவருடைய அண்ணன் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்தவர். கார் அவர் பெயரில், ஓட்டியது தாத்தா. சரக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை இரண்டு ஊருக்கும் போய்வருவார். கார் ஆண்டின் பாதி நாள் மைசூர் மாநிலத்தில் இருந்தும் எண் மாறாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை. தாத்தா மட்கார்டில் சாய்ந்து நிற்கிறார், பம்பரில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். எண் பலகையில் எம்.எஸ். தெரிகிறது, முதல் இரண்டு இலக்கம் தெரிகிறது. மீதியை அம்மாவின் கால் மறைத்துவிட்டது. ஆறு வயதுக் கால்.

நடிகர் விஷயம் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். தாத்தாவுக்குச் சுருட்டை முடி, மெல்லிய மீசை. ஊரில் அவரை அந்த நடிகரின் பெயராலேயே கூப்பிடுவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லி அவர் கார் வருகிறது என்று கத்துவார்களாம். நீங்கள் எழுதாமல் விட்ட பெயர் எதுவென்று எனக்குத் தெரியும்.

#9 மாட்டுங்கா பத்மினி

அக்கா, இருபது ஆண்டாகப் பழைய கார்க் கதைகள் கேட்கிறேன். நடிகர் கார் எப்படிப் பிறக்கிறது என்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

#10 குஜரி வாசல்

அவசரப்பட வேண்டாம். வெள்ளை ஹெரால்டு ஊருக்குப் பத்து இருந்தது. இரண்டு இலக்கம் பொருந்துவது போதாது. பழைய காப்பீட்டுத் தாள் கிடைக்குமா என்று தேடச் சொல்லுங்கள். அதில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தட்டச்சில் இருக்கும். எங்கள் அப்பா அதைத்தான் வண்டியின் ஜாதகம் என்பார்.

#11 கோலார் பேத்தி

தேடினோம். கார் 1983இல் விற்றாகிவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவருக்கு, வெள்ளைத் தாளில்தான், பதிவேடு ஐயா மன்னிக்க வேண்டும். ஆனால் பெரிய தாத்தா எந்தக் காகிதத்தையும் தூக்கி எறியாதவர். லுங்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் 1971ஆம் ஆண்டுக் காப்பீட்டுப் பாலிசி மடித்து வைத்திருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, எண்கள் முழுதாக இருக்கின்றன. ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கிறது. அப்படி ஒரு நிறுவனத்தை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சேஸிஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அல்சூர் அண்ணனுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#12 பழைய பதிவேடு

பொதுக் காப்பீடு தேசியமயமானது 1973 ஜனவரியில். அதற்கு முன் எத்தனையோ சிறிய தனியார் நிறுவனங்கள் இருந்தன. பெயர் கேள்விப்படாததாக இருப்பதே காகிதத்தின் வயதுக்குச் சாட்சி.

#13 அல்சூர் ஏரிக்கரை

சேஸிஸ் எண் பொருந்துகிறது. நான்கு இலக்கமும். கொட்டகையில் குனிந்து நின்றபடியே படித்தேன், எழுந்தபோது பானெட்டில் தலையை இடித்துக்கொண்டேன்.

எஞ்சின் எண் பொருந்தவில்லை. பாலிசியில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றே, வண்டியில் இருப்பது வேறு. ஆக எழுத்தர் பிழை இல்லை, எஞ்சின் பிற்பாடு மாறியிருக்கிறது. குஜரி நண்பர் நேரில் வந்து பார்த்தார். அதுவும் 948தான், டென்னிலிருந்து வந்தது என்கிறார்.

இப்போது விலைக்கு வருவோம். தரகரிடம் பாலிசியின் படத்தைக் காட்டினேன். நடிகர் போனால் என்ன, பெயின்ட் இருக்கிறதே என்றார்.

#14 மாட்டுங்கா பத்மினி

பெயின்ட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

என் கணக்கு இது. நடிகருக்காக ஏற்றியதை முழுவதும் இறக்குங்கள். எஞ்சின் மாறியதற்கு ஒரு பங்கு இறக்குங்கள். பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று, கர்நாடக ஆயுட்கால வரி, அலைச்சல் எல்லாம் விற்பவர் செலவு. ஆனால் கோலார் அக்கா கொடுத்திருப்பதற்கு விலை ஏற்ற வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பாலிசி, படம், 1966 முதல் 1983 வரை தொடர்ச்சி. நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்க்கப்போவது அந்தக் கோப்பைத்தான். நடிகர் இருந்த கார் என்பதைவிட லுங்கி மூட்டை ஏற்றிய கார் என்பதற்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன், ஏனென்றால் அதற்கு ஆதாரம் இருக்கிறது.

#15 சந்தேகசாமி

1983 முதல் இன்று வரை? நாற்பது ஆண்டு வெற்றிடம். அதையும் விலையில் எழுதுங்கள்.

#16 பழைய பதிவேடு

சரியான கேள்வி, இப்போதுதான் பெயருக்கு நியாயம் செய்தீர்கள். அந்த இடைவெளியை மறைக்காமல், தெரிந்தவரை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

விண்டேஜ் பதிவைப் பற்றித் தனியே கேட்டிருந்தீர்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து ஆண்டு செல்லும். புதிய எண் வாங்குகிறவர்களுக்கு மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு இதுதான் ஆசை என்று தெரிகிறது. சாதாரணப் புதுப்பிப்புக்கோ 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய், அதுவும் ஐந்து ஆண்டுக்கே.

ஆனால் விண்டேஜ் என்று பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது, அவ்வளவுதான். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. மாநிலக் குழு உங்கள் டென் எஞ்சினைப் பார்த்துக் கேள்வி கேட்கும். விற்கவே முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. விற்கலாம், 90 நாட்களுக்குள் இரு தரப்பும் தத்தம் மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

#17 மாட்டுங்கா பத்மினி

இந்த இடத்தில் ஐயாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ஓட்ட முடியாத கார் சேகரிப்பாளருக்கு மட்டுமே விற்கும். ஞாயிறு காலையில் நந்தி மலைக்கு ஓட்டிப்போக நினைக்கிறவன் விண்டேஜ் பதிவைக் கண்டால் ஓடிவிடுவான். சாதாரணப் பதிவில் வையுங்கள், எண் போனாலும் பரவாயில்லை. பழைய எண் பலகையைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் மறக்காதீர்கள். பழைய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் விண்டேஜ் என்றால் 1940 இறுதிக்குள் தயாரானவை மட்டுமே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகைக்குப் பாலிசி எடுக்கும் வசதி அவற்றுக்குத்தான் இருந்தது. உங்கள் ஹெரால்டு அதில் வராது. ஐந்து ஆண்டு கடந்த காருக்கு மதிப்பு பேசி வைப்பதுதான், ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு போங்கள். இல்லாவிட்டால் பழைய இரும்பு விலையை எழுதிவிடுவார்கள்.

#18 அல்சூர் ஏரிக்கரை

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு முடிந்தது. வாரிசுக் கையெழுத்துகளுக்குக் கோலார் அக்காவின் மாமா குடியாத்தத்திலிருந்து தாமே வந்தார், பைசா வாங்க மறுத்துவிட்டார். பதிவேட்டுப் படி கிடைத்தது. மவுண்ட் ரோடு நிறுவனம் உரம் விற்றிருக்கிறது. தடையில்லாச் சான்று கைக்கு வந்தபின்தான் மீதித் தொகை என்று எழுதிக்கொண்டோம், இப்போது அதற்காகக் காத்திருக்கிறேன். பதிவு சாதாரணமா விண்டேஜா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. நான் எண்ணின் பக்கம், மனைவி நந்தி மலையின் பக்கம்.

கோலார் அக்காவின் அம்மா வந்து பார்த்தார்கள். அறுபது கடந்துவிட்டது. நேராகப் பம்பரில் உட்காரப் போனார்கள், பிடித்து நிறுத்திவிட்டோம். நீலம் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஓர் உதவி. டேஷ்போர்டு அறைக்கு மூடி தேடுகிறேன். ஜே.சி. ரோடு முழுவதும் அலைந்துவிட்டேன்.

#19 குஜரி வாசல்

சனிக்கிழமை கடைக்கு வாருங்கள். ஒன்று இருக்கிறது. வெள்ளை. விலை பேசக் கூடாது.